ஐஸு எவ்ளோ? – ரேடியோவுக்கும் டிவிக்கும் காமெடி எழுதும் வேலை

"உனக்குத்தான் நல்லா ஜோக் வருதே, நீ எஃப்.எம்.முக்குப் போயேன்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் முதலில் அதை மறந்துவிடுங்கள். கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற நாலு பேரைச் சிரிக்க வைப்பது வேறு வேலை. அவர்களுக்கு உங்களைத் தெரியும், உங்கள் அண்ணனைத் தெரியும், போன வாரம் நீங்கள் யாரிடம் திட்டு வாங்கினீர்கள் என்பதும் தெரியும், அதனால் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிச் சிரிப்பு தயாராக இருக்கிறது. ரேடியோ கேட்கிறவருக்கு உங்களைத் தெரியாது. அவர் மூலக்கொத்தளம் சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது, பின்னால் சவாரி "லேட்டாவுதுபா" என்கிறது. இந்தச் சத்தத்துக்கு நடுவில் உங்களுக்கு நாற்பது நொடி. அவ்வளவுதான்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். பதினைந்து வருஷத்துக்கு மேலாக எஃப்.எம்.முக்கும் டிவிக்கும் எழுதுகிறேன், நடுவில் சில வருஷம் மைக் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பசங்க "உள்ள போறது எப்படிண்ணா?" என்று கேட்கும்போதெல்லாம் டீக்கடையில் நின்றபடி சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். யார் காலையும் பிடிக்கும் வழி இதில் இல்லை, அது எனக்கும் தெரியாது.

முதலில் காது

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். போனிலும் எழுதலாம், ஆனால் கடையில் நின்று போனைத் தட்டினால் பக்கத்தில் இருப்பவர் ரெக்கார்ட் பண்ணுகிறானோ என்று பேச்சை நிறுத்திவிடுவார், நோட்டில் எழுதினால் ஏதோ கணக்கு எழுதுகிறான் என்று விட்டுவிடுவார். அந்த நோட்டில் ஜோக் எழுத வேண்டாம். ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை. ஒரு அம்மா கேட்கிறார், "சாயம் போவுமாப்பா?" கடைப் பையன் சொல்கிறான், "எங்கக்கா போவும், உங்க வூட்லதான இருக்கும்." வீட்டுக்கு வந்து இதை அப்படியே எழுதினால் சப்பென்று இருக்கும், வெறும் சொல் விளையாட்டு. நான் அன்றைக்கு நோட்டில் எழுதியது வேறு: அவன் நிமிரவே இல்லை, ஏற்கெனவே பிரித்துப்போட்ட பதினெட்டுப் புடவையை மடித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு அந்த மடிப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு முறை அதே கேள்வி, நூறு முறை அதே பதில். இது நோட்டில் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அந்த வரி உங்களுக்கே புரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். எங்கள் தெருவில் எல்லாரும் எப்போதும் "இன்னா, வூடு, குந்து" என்று பேசுவதில்லை. எங்கள் அத்தை வீட்டில் "இன்னாடா" என்பார், பேங்க் மேனேஜரிடம் "என்னங்க சார்" என்பார், பேரனின் இங்கிலீஷ் மீடியம் மிஸ்ஸிடம் "எஸ் மிஸ், ஓகே மிஸ்" என்று வேறு ஆளாகவே ஆகிவிடுவார். காமெடி இருப்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அந்த அரை நொடியில். பையனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது: "சோமாரி, நீ இன்னைக்கு வூட்டுக்கு வா உனக்கு இருக்கு... ஹலோ? சொல்லுங்க மிஸ், குட் மார்னிங்." இதை நடிக்கத் தெரிந்த ஒரு பெண் குரல் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு ஓட்டலாம்.

வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் வடசென்னை என்றாலே நாலு "கஸ்மாலம்", ரெண்டு "பேஜாரு" தூவிவிட்டு முடித்துவிடுவார்கள். கஸ்மாலம் என்று நேரில் யாரும் திட்டி நான் கேட்டுப் பல வருஷமாகிறது. கீதையில் கண்ணன் அர்ஜுனனிடம் "குதஸ்த்வா கஷ்மலம் இதம்" என்று கேட்கிறாரே, அதே சொல்தான் இது. நம் ஆட்கள் அதை ரிக்‌ஷா ஸ்டாண்டு வரைக்கும் இழுத்து வந்தார்கள், சினிமா அதை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டது. மெட்ராஸ் பாஷையைத் திரையில் கொடிகட்டிப் பறக்கவிட்ட நடிகர் ஜே.பி. சந்திரபாபுவோ தூத்துக்குடிக்காரர். காது இருந்தால் எந்த ஊர்க்காரரும் எழுதலாம், காது இல்லாவிட்டால் ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆட்களும் அப்படித்தான். ரவுடி, குடிகாரர், கானா பாடுகிறவர் என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் எழுதுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் தெருவில் எல்.ஐ.சி. ஏஜென்ட் இருக்கிறார், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆகி எல்லாருக்கும் பெட்டிஷன் எழுதித் தருகிற பெரியவர் இருக்கிறார், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் போடுகிற ஆயா இருக்கிறார், மின்ட் ஸ்ட்ரீட்டில் நம்மைவிடச் சுத்தமாக "இன்னாபா" சொல்கிற மார்வாடி அண்ணாச்சி இருக்கிறார். இவர்களை எழுதுங்கள். போட்டிக்கு ஆளே இருக்காது.

எழுதுவது

நான் எழுதிய ஒன்றை வைத்தே காட்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விலை ஏறும், வஞ்சரம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இதை வைத்து ஒரு நிமிஷ ஐட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். நான் முதலில் எழுதியது: "வஞ்சரம் விலையைக் கேட்ட ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாராம், தண்ணி தெளிச்சும் எழுந்திருக்கலையாம், மத்தி விலையைச் சொன்னதும் எழுந்துட்டாராம்." ப்ரொட்யூசர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றால் குப்பை என்று அர்த்தம். அவர் செய்தது சரி. 'ஒருத்தர்' யார்? எங்கே விழுந்தார்? 'ஆம், ஆம்' என்று நாமே கதை சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டோக்காரர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்.

அப்புறம் எழுதியது இது:

(கட்டையில் கத்தி விழும் சத்தம். காக்கா. ஐஸை அள்ளிக் கொட்டும் சத்தம்.)
அண்ணன்: வஞ்சரம் இன்னாக்கா?
அக்கா: ஆயிரத்து நானூறு.
அண்ணன்: சங்கரா?
அக்கா: எழுநூறு.
அண்ணன்: மத்தி?
அக்கா: முந்நூறு.
(ஐஸ் அள்ளும் சத்தம், ரெண்டு நொடி.)
அண்ணன்: ஐஸு எவ்ளோ?
அக்கா: மத்தி ஐஸா, வஞ்சரம் ஐஸா?

"இது காசிமேடு மீன் மார்க்கெட்" என்று யாரும் சொல்லவில்லை, கத்தியும் ஐஸும் சொல்லிவிட்டன. சவுண்ட் இன்ஜினியர் லைப்ரரியிலிருந்து வெளிநாட்டுக் கடற்பறவைச் சத்தத்தை எடுத்துப் போட்டார், நான் சண்டை போட்டு மாற்றினேன். காசிமேட்டில் மீன் வெட்டுகிற இடத்தில் காதைக் கிழிப்பது காக்காதான், கேட்கிறவருக்கு அது தெரியும். சத்தம் பொய் சொன்னால் ஜோக்கையும் நம்ப மாட்டார்கள்.

மூன்று விலை, ஒன்றைவிட ஒன்று குறைவு. ரெண்டு போதாது, நாலு போனால் அடுத்து என்ன என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ரெண்டு நொடி. ரேடியோவில் ரெண்டு நொடி முழு மௌனம் விட்டால் ஸ்டேஷன் போய்விட்டதோ என்று கேட்பவர் நினைப்பார், உள்ளே இருக்கிறவர்களுக்கும் வயிறு கலங்கும், டெட் ஏர் என்றால் அவ்வளவு பயம். அதனால் மௌனத்தை ஐஸ் சத்தத்தால் மூடியிருக்கிறேன். ஆள் யோசிப்பதும் கேட்கிறது, எதைப் பார்த்து யோசிக்கிறார் என்பதும் கேட்கிறது.

கடைசி வரி முதலில் இப்படி இருந்தது: "எந்த மீனுக்குக் கீழே வெச்சிருந்த ஐஸு வேணும்னு சொல்லுங்க." விஷயம் பாதியிலேயே வெளியே வந்துவிட்டது, பின்னால் ஒரு வால் தொங்குகிறது. வாலை வெட்டினேன். மத்தியை முன்னால் போட்டு வஞ்சரத்தைப் பின்னால் வைத்தேன், விலை உயர்ந்தது கடைசியில் விழ வேண்டும். பதிலும் அந்த அக்காவின் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. அவருக்கு இது ஜோக்கே இல்லை, வியாபாரம். பாத்திரத்துக்குத் தான் ஜோக் அடிப்பது தெரியக்கூடாது. தெரிந்தால் அங்கே நிற்பது நீங்கள், அக்கா இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, நிறைய பேர் அதைப் பயன்படுத்துவதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. கடைசிச் சொல் வரைக்கும் ஆமாவா இல்லையா என்றே தெரியாது. "எங்க வூட்ல நான் வெச்சதுதான் சட்டம்னு வெளிய சொல்லிக்கச் சொல்லியிருக்கா." புருஷன் பொண்டாட்டி ஜோக் அரதப்பழசு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அமைப்பைப் பாருங்கள்: 'சட்டம்' வரைக்கும் ஒரு ஆள், 'சொல்லியிருக்கா' என்று முடியும்போது வேறு ஆள். பேச்சில் இதைத் திருப்பியும் போடலாம், "வந்துட்டாரு, பெரிய கலெக்டரு" என்று வினையை முன்னால் தள்ளி, குத்தலைப் பின்னால் வைப்பது. எது எங்கே வேண்டும் என்பது வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். மனசுக்குள் படிக்காதீர்கள். மொட்டைமாடிக்குப் போய் சத்தமாகப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் பைத்தியம் என்று நினைப்பார், அப்புறம் பழகிவிடுவார்.

நேரக் கணக்கு: என் கணக்கில் சாதாரண வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குத் தமிழில் நூறு, நூற்றிப்பத்துச் சொல். நம் சொற்கள் நீளம். முப்பது நொடி என்றால் ஐம்பது சொல்லுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், சத்தத்துக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டாமா?

கேட்டுப் பழக ஒரு ஆளைச் சொல்ல வேண்டுமென்றால், ஆகாசவாணியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன். குரலில் அவசரமே இருக்காது, ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து முடிவில் ஒரு சின்னக் கதையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், தான் சிரிக்கவே மாட்டார். இன்றைக்கு ஆர்ஜேக்கள் தங்கள் ஜோக்குக்குத் தாங்களே சிரிப்பதைக் கேட்கும்போது அவர் ஞாபகம்தான் வருகிறது.

டிவிக்குப் போனால்

அதே ஐஸ் ஸ்கெட்சை ஒரு டிவி நிகழ்ச்சிக்குக் கொடுத்தேன். முதல் ரிகர்சலிலேயே படுத்துவிட்டது. காரணம், கூடையில் மீன் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் ஐஸைப் பார்த்த உடனேயே செட்டில் இருந்த லைட் பாய் சிரித்துவிட்டார். வசனம் வருவதற்குள் ஜோக் முடிந்துவிட்டது. ஆகவே "ஐஸு எவ்ளோ?"வைத் தூக்கிவிட்டோம். அண்ணன் மத்தி விலையைக் கேட்கிறார், கையிலிருக்கும் ஒயர் கூடையைப் பார்க்கிறார், ஐஸைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார். அக்கா, "மத்தி ஐஸா, வஞ்சரம் ஐஸா?" ஒரு பக்கத்தில் ஒரு வரிதான் மிச்சம். டிவியில் முகம் வேலை செய்யும்போது எழுதுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எனக்கு அது வருவதற்கு நாலைந்து வருஷம் ஆனது. இன்றைக்கும் சில சமயம் வசனத்தை வெட்டும்போது சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி வலிக்கும்.

டிவியில் இன்னொரு தலைவலி, நடிகர் கவுன்ட்டரைச் சேர்ப்பது. மூன்று வரி எழுதினால் எட்டாக வரும். அதில் ரெண்டு உங்களுடையதைவிட நன்றாக இருக்கும், மீதி லேக் அடிக்கும். நன்றாக இருந்ததை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு செட்டில் சண்டை போடாதீர்கள், எடிட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

எதை எழுத முடியாது

தனியார் எஃப்.எம்.முக்குச் சொந்தமாகச் செய்தி போட அனுமதி கிடையாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதனால் காலையில் பேப்பரைப் பார்த்துச் சுடச்சுட அரசியல் ஜோக் எழுதலாம் என்று போனால் முதல் நாளே திரும்பி வரும். ஆகாசவாணியின் ஒலிபரப்பு விதிகள் தனியாருக்கும் பொருந்தும்: மதத்தையோ சமூகத்தையோ தாக்கக்கூடாது, ஆபாசம் கூடாது, அவதூறு கூடாது, கட்சியின் பேரைச் சொல்லித் தாக்கக்கூடாது, இப்படி. முதலில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பெட்ரோல் விலை செய்தி, பெட்ரோல் பங்கில் "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்கிற முகம் செய்தி இல்லை. அந்த முகத்தை எழுத யாரும் தடை சொல்லவில்லை.

விதியில் இல்லாத ஒன்றை நான் கற்றுக்கொண்டது என் தப்பால்தான். முதல் வருஷம். கொடுங்கையூர் குப்பைமேட்டை வைத்து ஒரு லிங்க், அதாவது ரெண்டு பாட்டுக்கு நடுவில் ஆர்ஜே பேசுகிற பேச்சு, எழுதினேன், 'வட சென்னையின் ஊட்டி, மலையும் இருக்கு, புகையும் இருக்கு' என்று. ஸ்டூடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். லிங்க் போய்ப் பாட்டு ஓடும்போது ஒரு போன், ஒரு அம்மா. கத்தவில்லை. "தம்பி, நான் அங்கதான் குடியிருக்கேன், ஜன்னலைத் தொறக்கறதில்ல, நீங்க சொன்னது நல்லாத்தான் இருந்துது" என்றார். வைத்துவிட்டார். அந்த லிங்கை நான் இன்னும் மறக்கவில்லை. அதே குப்பைமேட்டை வைத்து அப்புறமும் எழுதினேன், அதில் அந்த அம்மாதான் பேசுகிறவர், மாட்டிக்கொண்டு முழிப்பது பார்வையிட வந்த அதிகாரி.

ஒரு நாள் எப்படி இருக்கும்

காலை ஷோவுக்கு எழுதுகிறீர்கள் என்றால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். பெரும்பாலானதை முந்தின நாள் சாயங்காலமே கொடுத்திருப்பீர்கள், விடியற்காலையில் மழை பெய்தால் பாதி வீண், உட்கார்ந்து மாற்ற வேண்டும். பத்து மணிக்கு ஷோ முடிந்ததும் நாஷ்டா, மீட்டிங், விளம்பரக்காரருக்கு ஜிங்கிள், மதியத்துக்கு மேல் நாளைக்கான வேலை. ஒரு நாளைக்குப் பத்து ஐட்டம் எழுதினால் மூன்று தேறும். மிச்ச ஏழு ஐட்டத்தைக் கிழித்துப் போடுவதும் சம்பளத்தில் சேர்த்திதான். டிவி ஷூட்டிங் நாள் என்றால் இது எதுவும் கிடையாது, விடிந்து போய் நடுராத்திரி திரும்புவது. முன்பெல்லாம் இங்கிருந்து வடபழனி போவதே அரை நாள். இப்போது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் போதும், ஏசியில் உட்கார்ந்து ஒரு ஸ்கிட்டைத் திருத்திவிடலாம்.

இருக்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். கிரேஸி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். நான் மூன்று வருஷம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பில் போட்டேன், லாரி டிரைவர்கள் பேச்சு என் நோட்டில் பாதிக்கு மேல் இருக்கிறது.

துட்டு

துட்டு என்ற சொல்லே டச்சுக்காரன் காசுப் பேரிலிருந்து வந்தது என்பார்கள். சொல் அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டது, காசோலை அண்ணாசாலையிலிருந்து வர மூன்று மாதம் ஆகும். ஃப்ரீலான்ஸ் என்றால் பான் கார்டு, பேங்க் விவரம், நம்பர் போட்ட இன்வாய்ஸ் மூன்றும் தயாராக இருக்கட்டும். டி.டி.எஸ். என்று பணம் தரும்போதே வரியாகப் பத்து சதவீதம் பிடித்தால் ஐயோ போச்சே என்று உட்காராதீர்கள், வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

உரிமை விஷயத்தில் நான் ஏமாந்தவன். ஒரு கம்பெனி பைலட் எபிசோடு, அதாவது ஒரு தொடருக்கு மாதிரி எபிசோடு, கேட்டது, பெட்டிஷன் எழுதித் தருகிற பெரியவர் பாத்திரத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன். வாயால் பேசினோம், ஒரு காகிதம் இல்லை. பணம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து அதே பெரியவர், அதே மூக்குக்கண்ணாடி நூல் கயிறோடு, வேறு பேரில் டிவியில் வந்தார். அதற்கப்புறம் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று அதில் போடாவிட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும். மாதச் சம்பளத்தில் வேலை பார்த்து அந்த வேலைக்காக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது முதலாளியுடையது. அதனால் எதையும் வாயால் சொல்லாதீர்கள். முழுசாக எழுதி, மெயிலில் அனுப்பி, அனுப்பிய தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போக முதலில் அனுப்ப வேண்டியது பயோடேட்டா இல்லை. முப்பது நொடியில் மூன்று ஐட்டம், ஒரு நிமிஷத்தில் ஒன்று, போனிலேயே நண்பர்களை வைத்து ரெக்கார்ட் பண்ணி, ஸ்கிரிப்டும் சேர்த்து அனுப்புங்கள். போர்வைக்குள் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணினால் எதிரொலி வராது, வேர்க்கும், பரவாயில்லை. ஃபைலுக்கு உங்கள் பேரையும் போன் நம்பரையும் வையுங்கள், 'ஃபைனல் நியூ 2' என்று வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள், அதுவும் காலையில் ஷோ ஓடும் நேரத்தில் கூப்பிட்டுத் தொலைக்காதீர்கள், மதியம் மூன்று மணிக்கு மேல்.